தலையில் நெருப்புள்ள வில்லைகள்

என் மகள் மூன்று வயது முடிந்தும் பேசவில்லை. அழுவாள், சிரிப்பாள், பசித்தால் என் முந்தானையைப் பிடித்து அடுப்படிக்கு இழுப்பாள். அம்மா என்று ஒரு தடவை சொல்லிவிட்டால் போதும் என்று நான் வேண்டாத தெய்வம் இல்லை. அவளைப் பற்றியும், எங்கள் வீட்டு பிஸ்கட் டின்னில் சேர்ந்த மங்கோலிய நாட்டுப் பதக்கங்களைப் பற்றியும் இங்கே சொல்லப் போகிறேன். இரண்டையும் தனித்தனியாகச் சொல்ல எனக்கு வரவில்லை.

அப்போது ராமேஸ்வரத்துக்கு இந்தக் கரையில், மண்டபம் ஊரில் மாமியாரோடு இருந்தேன். கணவருக்குக் கொழும்பில் வேலை. துறைமுகத்தை ஒட்டிய ஒரு கடையில் கப்பல்காரர்களுக்குச் சாமான் விற்பார். வருஷத்துக்கு ஒரு மாதம் ஊருக்கு வருவார். மற்ற மாதங்களில் பிள்ளையின் வாயைப் பார்த்துக்கொண்டு நானும், என் வாயைப் பார்த்துக்கொண்டு மாமியாரும் இருந்தோம்.

செய்ய வேண்டியதையெல்லாம் செய்தோம். வசம்பைச் சுட்டுத் தேனில் உரைத்து நாக்கில் தடவினோம். ராமேஸ்வரத்தில் தீர்த்தமாட்டினோம். தேவிபட்டினத்தில் கடலுக்குள் நிற்கும் ஒன்பது கல்லையும் இடுப்பளவுத் தண்ணீரில் அவளைத் தூக்கிக்கொண்டு சுற்றி வந்தேன். பேச்சு வரக் கோயிலுக்கு மணி கட்டுவது வழக்கம். நாங்கள் கட்டியதும் ஆளுக்கொரு முறை அடித்தார்கள். அவள் பந்தற்காலில் உட்கார்ந்திருந்த காக்கையைப் பார்த்துக்கொண்டிருந்தாள். விளையாட்டுப் பிள்ளை என்று சொல்லிக்கொண்டேன். கதவை அறைந்து சாத்தினால் திரும்புகிறாளே என்றும் சொல்லிக்கொண்டேன். தரை அதிர்வதால் திரும்புகிறாள் என்பது அப்போது எனக்குத் தோன்றவில்லை.

அந்த வருஷம் கணவர் ஊருக்கு வந்தபோது சட்டைப் பையில் ஒரு பேட்ஜ் குத்தியிருந்தது. ரஷ்யக் கப்பல்காரன் ஒருவன் ஒரு சீப்புக்கும் தேயிலைப் பொட்டலத்துக்கும் பதிலாகக் கழற்றிக் கொடுத்தானாம். சிவப்பு எனாமல், வெள்ளி ஓரம், குதிரைமேல் ஒரு ஆள். அதற்கு மேலே விநோதமான ஒரு குறி. உச்சியில் நெருப்பு, நெருப்பின் கீழ் சூரியன், சூரியனைத் தாங்கிய பிறை, அதற்கும் கீழே ஒரு வட்டத்துக்குள் ஒன்றையொன்று சுற்றிப் படுத்த இரண்டு துளிகள். கலெக்டர் ஆபீஸ் சேவகர்கள் மார்பில் குத்துகிற வில்லைதான் மாமியாருக்குத் தெரியும். "என்னய்யா, சேவகன் வேலை பாக்கயா கொழும்புல?" என்று மகனைக் கேட்டார்.

என் மகள் அவர் மடியில் ஏறி அதைப் பிடுங்கிக்கொண்டாள். அன்று சாயங்காலம் முழுக்க அது அவள் கைக்குள்ளேயே இருந்தது. பிறகு என்னிடம் வந்து, நெருப்பின்மேல் விரலை வைத்து என் முகத்தைப் பார்த்தாள். சூரியன்மேல் வைத்துப் பார்த்தாள். பிறைமேல் வைத்தாள். இது என்ன என்று கேட்கிறாள். பிறந்ததிலிருந்து அவள் யாரையும் எதையும் கேட்டதில்லை.

பேச்சு இந்த வழியாகத்தான் வரப்போகிறது என்று அப்போதே முடிவுசெய்துவிட்டேன். அடுப்பைக் காட்டி நெருப்பு என்றேன். முற்றத்தில் நின்று சூரியன் என்றேன். நிலாவுக்கு இரண்டு நாள் காத்திருந்தோம். அவள் விரல் கடைசியாக அந்த இரண்டு துளிகளின்மேல் வந்து நின்றது. எனக்கு அது என்னவென்று தெரியவில்லை.

நான் பள்ளியிறுதி வரை படித்தவள். தெரியாததைத் தெரிந்ததுபோல் சொல்லக் கூடாது என்ற பயம் எனக்குள் ஊறியிருந்தது. அவள் கேட்ட முதல் கேள்விகளிலேயே ஒன்றுக்குத் தப்பான பதிலைச் சொல்லிவிட்டால், அதன்மேல் வந்து ஏறுகிற சொற்களெல்லாம் கோணிவிடாதா? இப்போது நினைத்தால் பைத்தியக்காரத்தனமாக இருக்கிறது. அப்போது அந்தக் கவலையில் சோறு இறங்கவில்லை.

மாமியாரைக் கேட்டேன். "கெளுத்தி மீனு ரெண்டு மல்லுக்கட்டுது, வேறென்ன" என்றார். பக்கத்து வீட்டுத் தோணிக்காரர் கொழும்புக்கும் எங்கள் கரைக்கும் போய் வருகிறவர், தொழுகை தவறாதவர். அவர் பிறையைப் பார்த்ததுமே, இது துருக்கி பாதுஷா படைவீரருக்குக் கொடுத்தது என்றும், மீனெல்லாம் கிடையாது, அது பூவேலை என்றும் சொன்னார்.

விடுமுறை முடிந்து கணவர் கொழும்புக்குத் திரும்பும்போது, தலையில் நெருப்புள்ள வில்லை எது கிடைத்தாலும் வாங்கும்படி சொல்லி அனுப்பினேன். ரஷ்ய பேட்ஜ் எளிதில் கிடைக்கும், இது அபூர்வம். பத்து ரஷ்ய பேட்ஜைக் கொடுத்து இதில் ஒன்றை வாங்குவாராம். தோணிக்காரர் கையில் கொடுத்தனுப்புவார். ஆட்டு மந்தை உள்ளது, ஒட்டகம் உள்ளது, துப்பாக்கியும் வாளும் குறுக்காக வைத்தது, பிள்ளையைக் கையில் ஏந்திய தாய் உள்ளது என்று ஒவ்வொன்றாக வந்தன. பழைய ரவிக்கைத் துணி ஒன்றில் குத்தி, சுருட்டி பிஸ்கட் டின்னில் வைத்தேன். பிள்ளை வாயில் போட்டுக்கொள்ளுமோ என்று ஊசி முனைகளைக் கருங்கல்லில் தேய்த்து மழுக்கினேன். பின்னால் திருகாணி வைத்தவற்றை இரண்டு தரம் முடுக்கிப் பார்ப்பேன். படுக்கப் போகுமுன் எல்லாம் இருக்கிறதா என்று பார்ப்பேன், பார்த்தோமா என்று சந்தேகம் வந்து எழுந்து மறுபடி பார்ப்பேன்.

அப்படி வந்தவற்றில் கனமான பழைய வெள்ளிப் பதக்கம் ஒன்று. அதில் எழுத்து இருந்தது. ரஷ்ய எழுத்து இல்லை. கொடிபோல வளைந்து வளைந்து போயிற்று. அதை எடுத்துக்கொண்டு அடுத்த தெருவிலிருந்த தமிழ்ப் பண்டிதரிடம் போனேன். உத்தியோகத்திலிருந்து ஓய்வு பெற்ற பிறகு கோயில் கோயிலாகப் போய்க் கல்வெட்டுப் படித்தவர். மூக்குக் கண்ணாடியைத் துடைத்து மாட்டிக்கொண்டு பதக்கத்தைப் பக்கவாட்டில் திருப்பினார். அவர் முகத்தில் வந்த வெளிச்சத்தை என்னால் மறக்க முடியாது.

"வட்டெழுத்து, தாயி. பாண்டிய நாட்டு வட்டெழுத்து" என்றார்.

கல்வெட்டில் தானம் எழுதும்போது சூரியனும் சந்திரனும் உள்ளவரை இது நிற்கட்டும் என்று எழுதுவார்கள், சந்திராதித்தவல் என்பது அதன் பெயர், அதற்காகத்தான் கல்லின் தலையில் சூரியனையும் பிறையையும் செதுக்குவார்கள் என்று விளக்கினார். இரட்டைக் கயல் பாண்டியன் இலச்சினை. இங்கே சூரியன், இங்கே சந்திரன், இங்கே கயல், ஓரத்தில் வட்டெழுத்து. இன்னும் என்ன சாட்சி வேண்டும்? எழுத்தை விரலால் தடவி ‘மீனவன்’ என்று படித்தார், அது பாண்டியனின் பட்டப்பெயர். பேட்ஜ் எப்படி ரஷ்யக் கப்பலில் வந்தது என்று தயங்கித் தயங்கிக் கேட்டேன். பாண்டியன் முத்து போன ஊருக்கெல்லாம் அவன் முத்திரை போயிருக்காதா என்றார்.

படித்தவர் சொல்லிவிட்டார். எனக்குப் பாரம் இறங்கியது. வீட்டுக்கு வந்து மகளை உட்காரவைத்து, இரண்டு துளிகளைக் காட்டி மீன் என்றேன். மீன் எங்கள் ஊரில் எங்கே இல்லை? குழம்புக்கு வந்த விளைமீனைக் காட்டினேன், கரையில் காய்கிற நெத்திலியைக் காட்டினேன். மீன், மீன், மீன். சின்னச் சொல். உதடு ஒட்டிப் பிரிகிற சொல். அம்மாவைவிட எளிது என்றுகூட நினைத்தேன். அவள் என் உதட்டையே பார்ப்பாள். தன் உதட்டையும் ஒட்டுவாள், பிரிப்பாள். அந்த இடைவெளியில் காற்று மட்டும் வரும்.

சில மாதங்கள் இப்படிப் போயின. ராமநாதபுரத்தில் ஒரு புத்தகக் கடையில், படம் பார்க்கட்டுமே என்று கண்ணாடித் தாள் உறையில் விற்கிற வெளிநாட்டுத் தபால்தலைகளை அவளுக்கு வாங்கினேன். வீட்டில் பிரித்ததும் ஒன்றைத் தனியாக எடுத்து என்னிடம் நீட்டினாள். அதன் மூலையில் அதே குறி இருந்தது. கீழே ஆங்கில எழுத்தில் மங்கோலியா என்று போட்டிருந்தது.

என் பள்ளிக்கூட நிலப்பட நூலை எடுத்துப் பார்த்தேன். ரஷ்யாவுக்கும் சீனாவுக்கும் நடுவில் மஞ்சளாக ஒரு தேசம். சுற்றிலும் எங்கேயும் நீலம் இல்லை. கடலே இல்லாத நாட்டுக்காரர்கள் தங்கள் நாட்டுக் குறியில் மீனை வைப்பார்களா? அப்படியானால் இது மீன் இல்லை. இத்தனை மாதமும் பிள்ளைக்குத் தப்பாகச் சொல்லிக்கொடுத்திருக்கிறேன். அதனால்தான் பேச்சு வரவில்லையோ என்றுகூட நினைத்தேன். பண்டிதரிடம் தபால்தலையைக் காட்டினேன். வெகுநேரம் பார்த்துவிட்டு, "பாண்டியன் அங்கன வரைக்கும் போயிருக்கான்னுல்ல தெரியுது" என்றார்.

அதற்குப் பிறகு நானே தேட ஆரம்பித்தேன். நகர நூலகத்தில் கலைக்களஞ்சியம் ஒன்றில் அந்த நாட்டைப் பற்றி ஒன்றரைப் பக்கம் இருந்தது. குதிரை, கம்பளிக் கூடாரம், உப்புப் போட்ட பால் தேநீர். குறியைப் பற்றி ஒன்றும் இல்லை. டில்லியிலுள்ள அவர்கள் தூதரகத்துக்கு எழுதிக் கேட்டேன். மரியாதையாக ஒரு படப் பத்திரிகை அனுப்பினார்கள். அதில் மார்பு நிறையப் பதக்கத்தோடு கிழவர்கள், சிப்பாய்கள், மேய்ப்பர்கள். பூதக்கண்ணாடி வைத்து அந்தப் படங்களோடு என் வில்லைகளை ஒப்பிட்டேன். எது சிப்பாய் குத்தியது, எது மேய்ப்பர் குத்தியது என்று துண்டுச் சீட்டில் எழுதி ஒவ்வொன்றின் கீழும் தைத்தேன். தாயும் பிள்ளையும் உள்ளதன் கீழே ஒரு கேள்விக்குறி போட்டேன். ஒன்றின் பெயர் துருவ நட்சத்திரப் பதக்கம் என்று தெரிந்தது. அதுவும் கவலையாகிவிட்டது. நட்சத்திரத்தையும் தமிழில் மீன் என்கிறோமே, நாளைக்கு அவள் கேட்டால் எதை மீன் என்பேன்? அவள் கேட்பாள் என்றே எல்லாவற்றையும் செய்துகொண்டிருந்தேன்.

அடுத்த விடுமுறைக்குக் கணவர் வந்தபோது மூவருமாக மதுரை ஆஸ்பத்திரிக்குப் போனோம். டாக்டர் அவளைப் பொம்மையோடு உட்காரவைத்துவிட்டு, பின்னால் போய் நின்று மணி அடித்தார். இரும்புத் தட்டைக் கரண்டியால் தட்டினார். நாங்கள் இருவரும் திடுக்கிட்டோம். அவள் பொம்மையின் காலைத் திருப்பிக்கொண்டிருந்தாள்.

"பேச்சு வரலேன்னு தேடிக்கிட்டு இருக்கீங்க. இந்தப் புள்ளைக்குக் காதே கேக்கல, அம்மா. பொறந்ததிலிருந்தே கேட்டிருக்காது" என்றார்.

மருந்து இல்லை, ஆபரேஷன் இல்லை என்றார். தெற்கே இப்படிப்பட்ட பிள்ளைகளுக்கு விடுதியோடு ஒரு பள்ளி உண்டு, ஐந்து வயதில் சேர்க்கலாம் என்றார். ரயிலில் திரும்பும்போது கணவர் ஜன்னல் பக்கம் முகத்தைத் திருப்பிக்கொண்டார். எனக்கு அழுகை வரவில்லை. நெருப்பு, சூரியன், நிலா, மீன் என்று ஒரு வருஷமாக நான் சொன்னதெல்லாம் எங்கே போயிருக்கும் என்று யோசித்துக்கொண்டிருந்தேன். சரியா தப்பா என்று நான் வதைபட்ட எந்தச் சொல்லும் அவளிடம் போய்ச் சேர்ந்ததே இல்லை.

விடுதிப் பேச்சை எடுத்ததும் மாமியார், பொட்டைப்பிள்ளையைக் கண்காணாத ஊரில் விடவா என்று கேட்டார். அடுத்த வருஷம் பார்க்கலாம் என்றார் கணவர். எனக்கும் எது சரி என்று சொல்லத் தெரியவில்லை. இன்னொரு பிள்ளை வேண்டும் என்று மாமியார் ஜாடையாகச் சொல்ல ஆரம்பித்தார். அதுவும் இப்படிப் பிறந்தால் என்ற பயத்தில் கணவரின் விடுமுறை முடிகிறவரை நான் பிள்ளையை நடுவில் போட்டே படுத்தேன்.

எல்லாம் தெரிந்த பிறகும் அந்த இரண்டு துளிகள் என்னவென்று தெரிந்துகொள்ளும் ஆசை மட்டும் போகவில்லை. அவள் இன்னும் தினமும் அதன்மேல் விரலை வைத்து என்னைப் பார்த்துக்கொண்டிருந்தாளே. பதில் சொல்ல ஒரு வழியும் இல்லாத எனக்குப் பதிலாவது தெரிந்திருக்கட்டும் என்று நினைத்தேனோ என்னவோ.

ஒருநாள் பண்டிதர் பத்திரிகையைத் தூக்கிக்கொண்டு வந்தார். மங்கோலியாவிலிருந்து பௌத்தர் குழு ஒன்று புண்ணியத் தலங்களைப் பார்த்துவிட்டுக் கொழும்பு போகிறது என்று போட்டிருந்தது. கொழும்பு போவதென்றால் கப்பலோடு சேர்கிற போட் மெயில் ரயிலில்தான் வருவார்கள், சிலோன் போகிறவர்களின் சீட்டைப் பார்க்க மண்டபத்தில் வண்டி நேரம் கூட நிற்கும். "நேருலயே கேட்டுருவோம் தாயி" என்றார். குழு எந்த நாள் வரும் என்று தெரியாது. வண்டி வருகிற நடுப்பகலில் நானும் மகளும் பிளாட்பாரத்துக்குப் போய்ப் போய்த் திரும்பினோம். பண்டிதர் ஒருநாளும் தவறாமல் குடையோடு வந்தார்.

ஒருநாள் வந்தார்கள். தவிட்டு நிறத்தில் நீள அங்கி, இடுப்பில் மஞ்சள் கச்சை, வெயிலில் வெந்து சிவந்த அகல முகங்கள். ஜன்னலோரம் இருந்த ஒரு பெரியவரிடம் ரவிக்கைத் துணியை விரித்துக் காட்டினேன். அவர் சத்தமாகச் சிரித்துக் கூட இருந்தவர்களைக் கூப்பிட்டார். பிறகு அந்தப் பழைய வெள்ளிப் பதக்கத்தைக் கண்டதும் சிரிப்பு நின்றது. எழுத்தை மேலிருந்து கீழாக விரலால் தடவிப் படித்தார். பண்டிதர் பக்கவாட்டில் திருப்பிப் படித்தது நினைவுக்கு வந்தது. அவர்களோடு வந்த வடநாட்டு வழிகாட்டி, இது அந்தக் காலத்தில் போர்க்களத்தில் நின்றவர்களுக்குக் கொடுத்தது, இவருடைய அண்ணனிடம் இப்படி ஒன்று இருந்ததாம் என்று ஆங்கிலத்தில் சொன்னார். அண்ணன் இப்போது எங்கே என்று நான் கேட்கவில்லை. பெரியவர் பதக்கத்தை நெற்றியில் ஒற்றித் திரும்பக் கொடுத்தார்.

என் மகள் கேட்டுவிட்டாள். கையை ஜன்னலுக்குள் நீட்டி, இரண்டு துளிகளின்மேல் விரலை வைத்து, அவர் முகத்தைப் பார்த்தாள்.

அவர் ஏதோ சொன்னார். அவள் பார்த்துக்கொண்டே இருந்தாள். இவளுக்குக் காது கேட்காது என்று நான் வழிகாட்டியிடம் சொன்னேன். அவர் எடுத்துச் சொன்னதும் பெரியவர் பேச்சை நிறுத்திவிட்டார். இரண்டு உள்ளங்கையையும் பக்கம் பக்கமாக வைத்து, ஒன்று மேலே ஒன்று கீழே என்று சுற்றி நீந்தவிட்டார். பிறகு இரண்டு விரலால் தன் கண்களைக் காட்டினார். இமையை அகலத் திறந்தார். மூடுவதுபோல் செய்து, இல்லை என்று தலையை ஆட்டினார். திறந்தபடியே வைத்திருந்தார்.

என் மகள் கைகளை எடுத்தாள், நீந்தவிட்டாள். கண்ணைக் காட்டினாள், அகலத் திறந்தாள். மூடவில்லை. அவரும் மூடவில்லை. இருவரும் அப்படியே ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டிருந்தார்கள். அவள் கண்ணில் தண்ணீர் கட்டி வழிந்தது, அப்போதும் மூடவில்லை. அவர்தான் முதலில் இமைத்தார். அவள் குதித்துச் சிரித்தாள். அவள் அப்படிச் சிரித்து நான் பார்த்ததில்லை.

இரண்டு மீன்கள், மீன் கண்ணை மூடாது, நாட்டு மக்களும் அப்படி விழித்திருக்க வேண்டும் என்பது பொருள் என்றார் வழிகாட்டி. கடல் இல்லாத ஊரில் மீனா என்று கேட்டேன். ஆறும் ஏரியும் உண்டு, ஆனால் மீனை யாரும் அவ்வளவாகச் சாப்பிடுவதில்லையாம். கேள்விக்குறி போட்ட பதக்கத்தைப் பற்றியும் கேட்டேன். நிறையப் பிள்ளை பெற்ற தாய்மாருக்கு அரசாங்கம் கொடுப்பது என்றார். வண்டி கிளம்பிவிட்டது.

"மீனுன்னு சொல்லிட்டான்ல? அது போதும்" என்று பண்டிதர் குடையை விரித்தார். வழியில் என் முகத்தைப் பார்த்துவிட்டு, மீன் முட்டையைப் பார்த்துப் பார்த்தே குஞ்சு பொரிக்கும் என்பார்கள், பெற்றவள் பார்வைக்கு அவ்வளவு சக்தி என்றார். நான் பார்க்காத பார்வையா ஐயா என்று கேட்டேன்.

வீட்டுக்கு வந்து, ஏதாவது பேசவேண்டுமே என்று, பிள்ளை பெற்றவளுக்குப் பதக்கம் கொடுக்கிற கதையை மாமியாரிடம் சொன்னேன். பானையைக் கழுவிக்கொண்டிருந்தவர் நிமிரவில்லை.

"ஒண்ணு பெத்தவளுக்கு என்ன குடுப்பாகளாம்?" என்றார்.

அதற்குள் மகள் ஓடி வந்து அப்பத்தாவின் முன்னால் நின்று கைகளை நீந்தவிட்டாள். கண்ணை விரித்தாள். மூடாமல் நின்றாள். மாமியார் பானையைப் போட்டுவிட்டு அவளைத் தூக்கிக்கொண்டார். பிள்ளைக்குக் கண் செருகுகிறது, ரயிலடியில் எதையோ பார்த்துப் பயந்திருக்கிறது என்று திருநீறு போடப் போய்விட்டார். நான் விளக்கிச் சொல்லியும் ஏறவில்லை. மறுநாள் தோணிக்காரர் வீட்டுப் பிள்ளைகளிடமும் செய்து காட்டினாள். அவர்கள் அவளைப் போலவே முழித்துக் காட்டி, கைகொட்டிச் சிரித்தார்கள். அவளும் சேர்ந்து சிரித்துவிட்டு, கொஞ்ச நேரத்தில் விஷயம் புரிந்து வீட்டுக்கு வந்துவிட்டாள்.

ஊரில் அதைப் புரிந்துகொள்ள நான் ஒருத்திதான் இருந்தேன். அவள் செய்து காட்டினால் நானும் செய்து காட்டுவேன். சோறு உண்ணும்போது, தலை வாரும்போது, கரையில் வலை காய்கிற இடத்தில், இரண்டு பேரும் கையால் மீன் என்று சொல்லிக்கொண்டோம். அது பேச்சா, விளையாட்டா என்று எனக்கே நிச்சயமில்லை. விடுதிப் பள்ளியில் கேட்டால் சொல்வார்கள் என்று நினைத்தேன், எழுதிக் கேட்கவில்லை.

பிறகு ஒருநாள் கொல்லைப்புறத்தில் நான் துணி அலசிக்கொண்டிருந்தபோது அவள் வந்து எதிரே நின்றாள். மீன் என்றாள் கையால். நானும் ஈரக் கையால் மீன் என்றேன். அவள் தலையை ஆட்டிவிட்டு, அதோடு நிற்காமல் மேலும் சொன்னாள். ஒரு கையை நெஞ்சருகே கொண்டுவந்து விரல்களைக் குவித்தாள், கிணற்றுப் பக்கம் காட்டினாள், மறுபடி குவித்துத் திறந்தாள், கண்ணைத் தொட்டாள். அந்தப் பெரியவர் கற்றுக்கொடுத்தது இல்லை அது. அவளே உண்டாக்கியது. முடித்துவிட்டு என் முகத்தைப் பார்த்துக் காத்து நின்றாள்.

எனக்கு ஒன்றும் புரியவில்லை. மறுபடி செய்தாள், இந்த முறை நிதானமாக, சின்னப் பிள்ளைக்குச் சொல்வதுபோல. புரிந்ததுபோல நான் தலையாட்டிச் சிரித்தேன். அவள் என்னைக் கொஞ்ச நேரம் பார்த்தாள். கைகளைப் பாவாடையில் துடைத்துக்கொண்டு, கிணற்றடிக்குப் போய் எனக்கு முதுகைக் காட்டி உட்கார்ந்துகொண்டாள். கூப்பிட்டால் கேட்காது என்பதால் நான் கூப்பிடவில்லை.